ஐந்து கடை, ஐந்து லொறி, பாதிச் சுமை

கடைக்கார நானாமார் கோபித்தாலும் பரவாயில்லை, இதை எழுதத்தான் வேண்டும்.

மெனிங் சந்தை 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து நம்ம பேலியகொடைக்கு வந்தது. புறக்கோட்டை நெரிசலைக் குறைக்கத்தான் அந்த இடமாற்றம். நாம் என்ன செய்தோம்? அதே நெரிசலை நாளாந்தம் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் கொண்டுபோய் இறக்குகிறோம். சுபஹ் முடிந்ததும் சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரே வீதியில் உள்ள ஐந்து கடைக்கு ஐந்து பட்டா லொறி. எல்லாவற்றிலும் பாதி இடம் காலி. ஏற்றி முடியும் வரை எஞ்சினையும் நிறுத்துவதில்லை.

வகுப்பில் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கை உங்களுக்கும் போடுகிறேன். வெள்ளவத்தைக்குப் போய்வர 24 கிலோமீற்றர் என்று வைப்போம். ஐந்து லொறிக்கு 120. லீட்டருக்கு 12 கிலோமீற்றர் ஓடினால் 10 லீட்டர் டீசல். அதே சாமானை இரண்டு லொறியில் ஏற்றினால் கடைகளுக்கு இடையில் சுற்றுவதையும் சேர்த்து 50 கிலோமீற்றர். பாரம் கூடியதால் லீட்டருக்கு 10தான் ஓடும் என்றாலும் 5 லீட்டர் போதும். ஒரு லீட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.6 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். அப்படியென்றால் ஒரு காலையில் மட்டும் 13 கிலோவை வீணாகக் காற்றில் விடுகிறோம். அந்த டீசல் காசு கடைசியில் கரட் விலையில்தான் ஏறுகிறது.

இது புதுக் கதையும் இல்லை. பெற்றோல் நிலையங்களுக்குப் போகும் பவுசர்களை எப்படி அனுப்பினால் ஓடும் தூரம் குறையும் என்று டான்ட்சிக், ராம்சர் என்ற இருவர் 1959இலேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள்.

“எங்கட டிரைவருக்கு ரோட்டெல்லாம் மனப்பாடம் சேர்” என்கிறீர்கள். சரி. பக்கத்துக் கடை லொறி பாதி காலியாகப் போவது அவருக்குத் தெரியுமா? “என்ட கொள்வனவு விலை மற்றவனுக்குத் தெரிந்துவிடும்” என்கிறீர்கள். மூட்டையில் கடைப் பெயரை எழுதுங்கள், பில்லைச் சட்டைப் பையில் வையுங்கள். “மின்சார லொறி வரட்டும்” என்கிறீர்கள். பாதி காலியாக ஓடினால் அதுவும் மின்சாரத்தை வீணாக்கத்தான் செய்யும்.

2022ஐ மறந்துவிட்டோமா? கியூ.ஆர். வந்தபோது முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு 5 லீட்டர். அப்போது பக்கத்துக் கடைக்காரர் சாமானையும் சேர்த்துக் கொண்டுவந்தோம். யாருக்கும் கௌரவம் குறையவில்லை. எண்ணெய் தாராளமாகக் கிடைத்ததும் ஒற்றுமை போய்விட்டது. தொழுகைக்குத் தோளோடு தோள் நிற்கிறோம், ஒரு லொறியில் இரண்டு பேர் மூட்டை சேர்ந்திருக்கக் கூடாதா?

பெரிய கணினி ஒன்றும் வேண்டாம். முந்தின இரவே ஓடரைச் சொல்லுங்கள். கிட்ட இருக்கும் கொட்டாஞ்சேனை மூட்டை கதவுப் பக்கம், தூர இருக்கும் வெள்ளவத்தை மூட்டை உள்ளே. முதல் இறக்கத்தோடு பாரம் குறையும், மீதித் தூரம் வண்டி இலேசாக ஓடும். பாடசாலை தொடங்க முன் இறக்கி முடியுங்கள். கேற்றடியில் அந்தப் புகையை மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பது நம்ம பிள்ளைகள்தான்.

இந்த ஜும்ஆ முடிந்து ஐந்து கடைக்காரர் அரை மணித்தியாலம் இருங்கள். கடதாசியும் பென்சிலும் நான் கொண்டுவருகிறேன். கணக்குப் பிழைத்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சரியென்றால் திங்கட்கிழமையே இரண்டு லொறியோடு தொடங்குவோம்.