மீன்தொட்டிக்கு மெத்தை எதற்கு?

'தொட்டி என்ன தூங்கவா போகிறது, அதற்கு எதற்கு தெர்மாக்கோல் மெத்தை?' என்று நக்கலடிப்பவர்கள் ஒரு பக்கம். 'ஒரு தெர்மாக்கோல் அட்டை போட்டால் போதும், எந்த மேஜையிலும் வைக்கலாம்' என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே தப்பு!

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 56 கிலோ! கண்ணாடி, கூழாங்கல் எடை தனி. சிலிக்கான் போட்டு ஒட்டிய சட்டமில்லாத தொட்டியில் இவ்வளவு பாரமும் அடிக்கண்ணாடி வழியாகத்தான் மேஜையில் இறங்குகிறது. அடியில் ஒரு சின்னக் கல் மாட்டினாலும் அழுத்தம் அந்த ஒரே புள்ளியில் குவியும், கண்ணாடி விரிசல் விடும். தெர்மாக்கோல் அந்தக் கல்லை உள்வாங்கிக்கொள்ளும். அதன் வேலை அவ்வளவுதான்.

கோணல் மேஜையை அது நிமிர்த்தாது. நடுவில் தொய்ந்த பலகை மேல் போட்டால் அதுவும் சேர்ந்து தொய்யும். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் தெர்மாக்கோலை நம்புவது, கால் உடைந்த கட்டிலுக்குப் புது மெத்தை வாங்குகிற கதைதான்.

அடியில் பிளாஸ்டிக் சட்டத்தோடு வரும் தொட்டிகள் விஷயமே வேறு. அவற்றில் பாரம் சட்டத்தின் விளிம்பில் நிற்கும், அடிக்கண்ணாடி மேஜையைத் தொடாது. அங்கே தெர்மாக்கோல் போட்டால் சட்டம் அதில் அமுங்கி, நடுப்பகுதி அடிக்கண்ணாடியை மேலே தள்ளலாம். தேவையா இது?

ஆக, சட்டமில்லாத தொட்டியா? முதலில் மட்டம் பாருங்கள், பிறகு தெர்மாக்கோல் போடுங்கள். சட்டம் உள்ளதா? மட்டம் மட்டும் பாருங்கள். நள்ளிரவில் தொட்டி விட்டுப்போனால் தரையில் துடிக்கப் போவது வாதாடியவர்கள் அல்ல, மீன்கள்!