29 ஸ்குவாட்ரன் சரி, விமானிகள் எத்தனை பேர்? கொல்கத்தாவின் ரெட் ரோடு சொல்லும் கணக்கு

2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றதிலிருந்து டிவி விவாதங்களில் ஒரே கணக்குதான்: 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய இந்திய விமானப்படையில் 29 தான் இருக்கு. கவலைப்பட வேண்டிய எண்தான். ஆனால் விமான எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதுமா?

கொல்கத்தாவில் இப்போது குடியரசு தின அணிவகுப்பு நடக்கும் ரெட் ரோடு, இரண்டாம் உலகப் போரில் ஹரிகேன் போர் விமானங்களின் ரன்வே. 1942 டிசம்பர் 20 இரவு, ஜப்பானிய விமானங்கள் நகரத்தில் முதல்முறையாகக் குண்டு போட்டன. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். பிறகு ராடார் பொருத்திய பியூஃபைட்டர் விமானங்கள் டம்டம்முக்கு வந்தன. ஜனவரி 15 இரவு ஆர்தர் பிரிங் என்ற பிரிட்டிஷ் விமானி, நாலே நிமிஷத்தில் மூன்று குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார்.

1943 டிசம்பர் 5-ல் ஜப்பான் பட்டப்பகலில் கிதிர்பூர் துறைமுகத்தைத் தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், பெரும்பாலும் துறைமுகத் தொழிலாளர்கள். பிரிங்கும் அன்றுதான் கொல்லப்பட்டார். ஜப்பானுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அந்த அளவில் இன்னொரு தாக்குதலை கொல்கத்தா மீது அவர்களால் நடத்தவே முடியவில்லை.

ஏன்? பசிபிக் போர்முனை அவர்களுடைய விமானங்களையும் அனுபவசாலி விமானிகளையும் விழுங்கிக்கொண்டிருந்தது. 1944-ல் இம்பாலை முற்றுகையிட்ட ஜப்பானியப் படைக்கு மேலே, நேச நாட்டு விமானங்கள் தடையில்லாமல் அரிசியும் தோட்டாவும் இறக்கின.

ஜெர்மனியின் கதை இன்னும் விசித்திரம். 1944-ல் அது கிட்டத்தட்ட 40,000 விமானங்கள் தயாரித்தது, அதன் போர்க்கால உச்சமே அதுதான். ஆனால் நேச நாடுகள் செயற்கை எரிபொருள் ஆலைகளைக் குறிவைத்தன. ஏப்ரலில் 1,75,000 டன்னாக இருந்த விமான பெட்ரோல் உற்பத்தி செப்டம்பரில் 5,000 டன். பெட்ரோல் இல்லாததால் பயிற்சி நேரத்தைக் குறைத்தார்கள். அரைகுறையாகக் கற்ற இளைஞர்கள் புத்தம்புது விமானத்தில் ஏறினார்கள், முதல் சில பறத்தல்களிலேயே செத்தார்கள். அந்த இடத்துக்கு இன்னும் குறைந்த பயிற்சியோடு அடுத்தவர். விமானம் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை.

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கைப்படி, 2015-ல் 486 ஆக இருந்த விமானிகள் பற்றாக்குறை 2021 இறுதியில் 596 ஆகியிருந்தது. அந்த எண் ஒரு நாள் செய்தியோடு போய்விட்டது.