கண்ணாடி பொருத்துங் கல்வி

தொழில்களை உயர்ந்தன, தாழ்ந்தன எனப் பகுத்துக் காண்டல் நம் நாட்டார்க்குப் பழகிய வழக்கம். நூலோடு பழகுவது உயர்வு, கருவியோடு பழகுவது தாழ்வு என்னும் எண்ணம் கல்லூரி மதில்களுக்குள்ளும் புகுந்து குடிகொண்டிருக்கின்றது. இவ்வெண்ணத்தினின்றும் யாமும் நீங்கியவரல்லேம் என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம்.

சில யாண்டுகட்கு முன், பௌதிக நூலிற் பட்டம் பெற்று நம் கல்லூரியை விட்டுச் சென்ற மாணவர் ஒருவர், மூக்குக் கண்ணாடிக் கடையொன்றில் தொழில் பயிலச் சேர்ந்திருக்கின்றார் என்னுஞ் செய்தி ஆசிரியர் அறைக்கு எட்டியது. "ஐயோ பாவம்! இவ்வளவு படித்தும் கடைச் சிப்பந்தியாகவா போனான்?" என்று இரங்கினார் சிலர். அவ்விரக்கத்தில் எமக்கும் பங்குண்டு.

மறு ஆண்டு எமக்குப் புதுக் கண்ணாடி வேண்டியதாயிற்று. மருத்துவர் சோதித்துச் சீட்டெழுதிக் கொடுத்தார். அண்மையிலிருந்த கடையொன்றிற் கண்ணாடி செய்துகொண்டோம். அணிந்த நாள் முதல் ஓயாத தலைவலி. படியிறங்கும்போது கால் தடுமாறிற்று; விடைத்தாள்களில் வரிகள் ஒன்றன்மேலொன்று ஏறி நின்றன. கடைக்காரரோ, "பழகப் பழகச் சரியாகிவிடும், ஐயா" என்றார். திங்கள் ஒன்று கழிந்தும் பழகவில்லை. மருத்துவர் மீண்டுஞ் சோதித்து, தாம் எழுதிய அளவிற் பிழையில்லை என்றார். முதுமை வந்துற்றது போலும் என்று நொந்திருந்த வேளையில், அப்பழைய மாணவரைத் தற்செயலாய்ச் சந்தித்தோம். அவர் எம் கண்ணாடியை வாங்கித் தம் கடையிலிருந்த லென்சோமீட்டரில் வைத்து நோக்கி, மையத்தில் மைப்புள்ளியிட்டு, அதனை எமக்கு அணிவித்து, எதிரே அமர்ந்து சிறு அளவுகோல் கொண்டு அளந்தார். "பவர் சரியாகவே இருக்கின்றது, ஐயா. வலப்பக்கத்து லென்சின் மையந்தான் தங்கள் பாவைக்கு நான்கு மில்லிமீட்டர் கீழே விழுந்திருக்கின்றது" என்றார். பிழை நீக்கிய கண்ணாடி மூன்றாம் நாள் வந்தது. தலைவலி நின்றது. எமது இரக்கம் நாணமாய் மாறிற்று.

நான்கு மில்லிமீட்டர் ஒரு நெல்மணியின் நீளத்திலுங் குறைவு. அது செய்த கேடு யாது? லென்சின் மையம் பாவையினின்றும் விலகுமாயின், அந்த லென்சு முப்பட்டகம் போல ஒளியைச் சாய்க்கும். விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரிற் கொண்டு, லென்சின் டயாப்டர் அளவாற் பெருக்கினால் சாய்வின் அளவு பெறப்படும். இவ்விதியை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தவர், நியூயார்க்கு நகரத்துக் கண்ணாடித் தொழிலாளரான சார்ல்ஸ் பிரென்டிஸ் என்பார். எம் கண்ணாடி 6 டயாப்டர், விலகியது 0.4 சென்டிமீட்டர், பெருக்க வருவது 2.4. அஃதாவது, ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளை வலக்கண் 2.4 சென்டிமீட்டர் இடம் பெயர்த்துக் காட்டும். நம் கண்கள் பக்கவாட்டில் ஒன்றற்கொன்று இணங்கிச் செல்ல வல்லன. ஒன்று மேலும் ஒன்று கீழுமாகச் செல்லுதல் அவற்றிற்கு மிக அரிது. அவ்வரிய முயற்சியே எமக்குத் தலைவலியாயிற்று. இப்பெருக்கற் கணக்கைப் பள்ளிச் சிறுவனுஞ் செய்வான். ஆயினும் அளக்க வேண்டும் என்று பயின்றவனே அளப்பான்.

ஆதலின் எமது துணிபு இது: மூக்குக் கண்ணாடி வெறுங் கடைச்சரக்கன்று, மருந்து போல்வதொன்று. அதனைப் பொருத்துவார் முறையாகப் பயின்றிருத்தல் வேண்டும். பயின்றாரைக் கற்றவராக மதித்தலும் வேண்டும்.

பயில வேண்டுவன பல. சட்டம் மூக்கில் எங்கு அமர்கின்றது, காதின்பின் எங்கு வளைகின்றது, லென்சு கண்ணினின்றும் எத்துணைத் தூரம் நிற்கின்றது, எவ்வளவு சாய்ந்திருக்கின்றது என்பன யாவும் பார்வையை மாற்றும். வெள்ளெழுத்து வந்தோர் இக்காலத்து விரும்பும் புரோகிரசிவ் லென்சில், மேற்பகுதி தொலைவுக்கும் கீழ்ப்பகுதி நூல் வாசிப்புக்கும் உரியன. இடைப்பட்ட வழி மிகக் குறுகியது. பொருத்தும் உயரம் சிறிது பிழைப்பினும் அணிந்தவர் கழுத்தை நிமிர்த்தியுங் குனிந்தும் உழல்வர். சிறுவர் முகமோ பெரியோர் முகத்தின் சுருக்கமன்று. அவர்தம் மூக்குத்தண்டு தாழ்ந்தது. அதற்கேற்ற சட்டம் இன்றேல் கண்ணாடி நழுவும். குழந்தை அதன் மேல்விளிம்பைக் கடந்து நோக்கும். பெற்றோர்க்குப் பொருட்செலவும், குழந்தைக்கு வகுப்பில் மந்தன் என்னும் பெயருமே மிஞ்சும்.

காண்டாக்ட் லென்சு பொருத்துதல் இதனினும் நுட்பமானது. 1888-இல் அடால்ப் பிக் என்பார் கண்ணாடியினாற் செய்த லென்சைக் கண்மேற் பொருத்திய முறையை வெளியிட்டார். 1961-இல் செக் நாட்டு இரசாயன அறிஞர் ஓட்டோ விக்டெர்லே, சிறுவர் விளையாட்டுக் கருவித் தொகுதியும் மிதிவண்டி டைனமோவுங் கொண்டு தம் இல்லத்திலேயே மெல்லிய லென்சுகளை வார்த்தெடுத்தார். இன்று அவை எங்கும் எளிதிற் கிடைக்கின்றன, எளிமையே இடருமாயிற்று. கண்ணின் முகப்பிலுள்ள தெளிந்த படலத்திற்கு இரத்தக் குழாய் இல்லை. கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே அது பிராணவாயுவைப் பெறுகின்றது. லென்சின் வளைவு பொருந்தாவிடினும், அதனை அணிந்தே உறங்கினும் படலம் நலியும். குழாய்த் தண்ணீரிற் கழுவினால், அந்நீரில் வாழும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் புகுந்து பார்வையையே போக்கவுங் கூடும். மூக்குக் கண்ணாடியின் அளவையே அப்படியே எழுதிக் கொடுத்தலும் தவறு. 10 டயாப்டர் குழிலென்சு கண்மேல் ஒட்டி நிற்கும்போது ஏறத்தாழ 9 டயாப்டரே வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்து, கைகழுவும் முறை முதலாக அணிவோர்க்குக் கற்பித்து, மீண்டும் வரவழைத்துச் சோதிப்பவரே இத்தொழிற்கு உரியவர்.

நூலறிவுங் கைத்தொழிலும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானநூலறிஞராய் விளங்கிய ஜார்ஜ் ஏரி என்பார்க்கு இடக்கண் பார்வை சிதைந்து தோன்றிற்று. அவர் அக்குறையை அளந்து, அதற்கு வேண்டிய சிலிண்டர் லென்சின் வடிவைக் கணக்கிட்டார். இப்ஸ்விச் நகரத்துத் தொழிலாளரான புல்லர் என்பார் அதனைத் தேய்த்துத் தந்தார். 1825-இல் கேம்பிரிட்ஜ் அறிஞரவையில் ஏரி இதனை எடுத்துரைத்தார். கணக்கு மட்டும் இருந்து கை இல்லாதிருப்பின் அவர் கண் தெளிந்திராது.

இனி, இக்கல்வி கிடைக்குமிடம் யாண்டு என வினவலாம். செர்மனியில் இத்தொழில் பயில்வோர் மூன்றாண்டு கடையிலும் தொழிற்பள்ளியிலும் மாறிமாறிக் கற்கின்றனர். நம் நாட்டில், சென்னைச் சங்கர நேத்திராலயத்தைச் சார்ந்து 1985-இல் எலைட் ஆப்டோமெட்ரிக் கல்விநிலையம் தோன்றிற்று. ஆப்டோமெட்ரிப் பட்டப்படிப்பு நான்காண்டு. அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. மதுரையில் 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்ப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்தபின் சேர்த்து, இரண்டாண்டு பயிற்றுகின்றது. அவருட் சிலர் கண்ணளவு காண்பதிலும், சிலர் கண்ணாடி பொருத்துவதிலுந் தேர்ந்து வெளிவருகின்றனர். ஆகவே, வழி இல்லையென்பது பொருந்தாது. அவ்வழியிற் செல்ல நமக்கு மனமில்லை என்பதே உண்மை.

"மருத்துவர் இருக்கின்றார், பொறி இருக்கின்றது, கைப்பேசியிலேயே கண்ணாடி வாங்கலாம், பயிற்சி எதற்கு?" என்பார் உளர். எளியோர்க்குச் செலவு ஏறும் என்பாருமுளர். பின்னவர் கூற்றில் நியாயமுண்டு. அஸ்ஸாமில் 40 வயது கடந்த தேயிலைத் தொழிலாளரிடை நடந்து 2018-இல் வெளியான ஆராய்ச்சியில், கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றோர் பெறாதாரினும் ஏறத்தாழ 22 விழுக்காடு மிகுதியாக வேலை செய்தனர். இத்தகைய எளிய கண்ணாடி எவரிடத்தும் தடையின்றிக் கிடைத்தல் நன்றே. யாம் வேண்டுவது எல்லாவற்றிற்கும் தடையன்று. 1958-இல் சட்டமியற்றிக் கண்ணாடித் தொழிலாளர்க்குப் பதிவேடு வகுத்த பிரிட்டனில், 16 வயதுக்குட்பட்ட சிறார்க்குப் பதிவு பெற்றவரோ அவர் மேற்பார்வையிற் பிறரோதாம் கண்ணாடி வழங்கலாம். நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்டோமெட்ரி பயின்றாரைச் சுகாதாரத் தொழிலாளர் வரிசையிற் சேர்த்துள்ளது. ஆயினும் கடையிற் சட்டம் பொருத்துவார் பலர் கண்டு பழகியவரேயன்றிக் கற்றுத் தேர்ந்தவரல்லர். குழந்தைகளின் கண்ணாடிக்கும் காண்டாக்ட் லென்சுக்குமாவது பயின்றவர் கை கட்டாயம் வேண்டும் என்று விதித்தல் தகும். பொறியைக் குறித்து ஒன்றே கூறுவோம்: எம் பவரைப் பொறி பிழையின்றியே காட்டிற்று, எம் முகத்தை அளந்தவர் ஒருவருமிலர்.

மாணவ நண்பர்காள்! ஒளி முறிவின் விதிகளைத் தேர்வுக்காகக் கற்று, தேர்வு முடிந்ததும் மறப்பார் நம்மிற் பலர். அவ்விதிகளைக் கொண்டு ஒரு குழந்தைக்குக் கரும்பலகையைத் தெளியக் காட்டுவது, கற்ற கல்விக்கு இழுக்காகுமா? உங்களுள் எவரேனும் இத்தொழிலை நாடின், இல்லத்தாரும் ஆசிரியரும் தடுக்கற்க.

கல்லூரியார்க்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் மாணவர்க்குக் கண் சோதனை நடத்துதல் வேண்டும். பின்வரிசையில் அமர்ந்து பலகையைக் காணமாட்டாது வாளாவிருக்கும் மாணவரைச் சோம்பர் என்று கடியுமுன், அவர் மூக்கின்மேல் உள்ளதை ஒருமுறை நோக்குவோமாக. அச்சோதனைக்கு அப்பழைய மாணவரையே அழைக்கலாம். அவர் வரும்போது ஆசிரியர் அறையில் அவர்க்கு ஓர் ஆசனம் இடுவோம். முன்னர்ப் "பாவம்" என்று இரங்கிய எமக்கு, அவரை எழுந்து வரவேற்கும் கடன் இன்னும் இருக்கின்றது.