தசமப் புள்ளியில் சிக்கிய பயணத் தொழுகை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…

பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுவது அல்லாஹ் நமக்கு அளித்த சலுகை. அச்சலுகையை இன்று கைப்பேசியின் தசமப் புள்ளிக்குள் அடைத்துவிட்டோம். "கஸ்ருடைய தூரம் 80.64 கிலோமீட்டர்; ஒரு மீட்டர் குறைந்தாலும் செல்லாது" என்று செய்தி சுற்றுகிறது. அதை நம்பி, 79 கிலோமீட்டரில் கஸ்ர் தொழுத சகோதரரிடம் "உமது தொழுகை பாத்தில்" என்று பள்ளிவாசல் முற்றத்திலேயே தீர்ப்புரைப்போரும் உளர். இப்போக்கை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது? இப்னு உமர், இப்னு அப்பாஸ் (ரலி) ஆகியோர் நான்கு பரீத் தொலைவில் கஸ்ர் செய்தனர். நான்கு பரீத் என்பது 16 ஃபர்ஸக். ஒரு ஃபர்ஸக் மூன்று மைல். ஆக 48 மைல். இது ஆங்கிலேயரின் மைல் அன்று. ஃபுகஹாக்கள் தம் மைலை முழத்தால் அளந்தனர். முழத்தை 24 விரற்கிடையாலும், விரலை ஆறு வாற்கோதுமை மணிகளின் அகலத்தாலும் அளந்தனர். ஒரு மைலுக்கு எத்தனை முழம் என்பதில் 3,500, 4,000, 6,000 என மூன்று கருத்துகள் உள்ளன.

முழத்தை நாம் வழங்கும் 18 அங்குலமாக, அதாவது 45.72 சென்டிமீட்டராகக் கொண்டால், 48 மைல் என்பது முறையே 76.8, 87.8, 131.7 கிலோமீட்டராகும். முழத்தை 48 சென்டிமீட்டராகக் கொண்டாலோ 80.6, 92.2, 138.2 ஆகிவிடும். சுற்றிவரும் அந்த 80.64 இவற்றுள் ஒன்றே. நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் பலர், மூன்று நாள் பயணத்தை 48 ஆங்கில மைலாக நிர்ணயித்து 77.25 என்பர். கோதுமை மணியில் தொடங்கிய அளவுக்குத் தசமத்தில் இரண்டு இலக்கம் எழுதுவது துல்லியம் அன்று, துல்லியத்தின் வேடம்.

"இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இத்தூரத்தைத் திட்டமான எல்லை என்றார்களே?" எனச் சிலர் வினவலாம். ஆம், என்றார்கள். அவர்கள் திட்டப்படுத்தியது மைலை. அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 676இல்; மீட்டர் என்ற அளவு பிரான்சில் பிறந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்; நம் நாட்டில் அது சட்டமானது 1956இல். மைலைக் கிலோமீட்டராக்குவது பிற்கால அறிஞர்களின் ஆய்வு. ஆய்வை மதிப்போம், அதை வஹீயாக்க வேண்டாம்.

"அப்படியானால் அளவே தேவையில்லை, மனம்போல் கஸ்ர் செய்யலாம்" என்போரையும் நாம் ஏற்கவில்லை. எல்லை உண்டு, அதன் ஓரந்தான் மங்கலானது. சேந்தமங்கலத்திலிருந்து சேலம் செல்பவருக்கு எக்கணக்கிலும் கஸ்ர் இல்லை. சென்னை செல்பவருக்கு எக்கணக்கிலும் உண்டு. திருச்சி போன்ற இடைத்தூரத்திலேயே கருத்துகள் பிரிகின்றன. கொல்லிமலைக்குச் செல்வதும் கஸ்ர் தூரம் அன்று. ஆயினும் அம்மலை நமக்கொரு பாடம் தருகிறது. காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வரைபடத்தில் நேர்கோடு இழுத்து அத்தூரத்தைச் சொன்னால் யார் ஏற்பர்? நடந்து கடக்கும் பாதையையே ஃபிக்ஹும் கணக்கிடுகிறது. மலைப்பயணத்தை மலைக்குரிய நடையால் அளக்க வேண்டும் என்று ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. பயணியின் சிரமத்தை அறிந்த சட்டம் இது.

எனவே ஒவ்வொருவரும் தம் மத்ஹபின் நம்பகமான உலமாக்கள் கூறும் அளவைப் பின்பற்றுக. தூரத்தில் ஐயம் எழுந்தால் முழுமையாகத் தொழுக. உறுதியானது சந்தேகத்தால் நீங்காது என்பது நம் சட்ட விதி. வேறோர் அளவைப் பின்பற்றிய சகோதரரின் தொழுகையைப் பாத்திலாக்கும் துணிவை மட்டும் விட்டுவிடுக. கணக்குப் பிழைத்தால் திருத்தலாம். முற்றத்தில் அவமானப்பட்டுப் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்தியவரை எந்த அளவுகோலால் மீட்டெடுப்போம்?

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.