எடைக்கு முன் இலையைப் பார்!

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழைய மாணாக்கன் ஒருவன் என் வீடு தேடி வந்தான். படிக்கிற காலத்தில் கணக்கு என்றாலே அவனுக்குக் காய்ச்சல் கண்டுவிடும். இப்பொழுதோ திருப்பூரில் சொந்தமாகத் தேகப்பயிற்சிக் கூடம் வைத்துப் பல பேருக்கு ஆசானாக விளங்குகிறான். அன்று அவன் முகத்தில் களையே இல்லை.

"ஏனுங்க சார், பெரிய தப்புப் பண்ணிப்போட்டனுங்க" என்று ஆரம்பித்தான். நடந்தது இதுதான்.

பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் வாலிபன், தன் கல்யாணத்துக்குள் 10 கிலோ இளைக்க வேண்டுமென்று இவனிடம் சேர்ந்தான். இவனும் எங்கேயோ கேள்விப்பட்டதை நம்பி, "சோற்றை அடியோடு விடு, காலையில் முட்டை வெள்ளைக்கரு, இரவில் வெள்ளரிக்காய்" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். பையனோ ஒன்றரை ஷிப்டு, அதாவது 12 மணி நேரம், உழைப்பவன். இரண்டாவது வாரம் மிஷின்மேலேயே மயங்கிச் சாய்ந்தான். சர்க்கரை வியாதிக்கு அவன் மாத்திரை சாப்பிட்டுவந்த விஷயம் ஆஸ்பத்திரியில்தான் வெளிவந்தது. ஆசான் கேட்கவில்லை, சிஷ்யனும் சொல்லவில்லை. மாத்திரை தன் வேலையைச் செய்து சர்க்கரையை இறக்கியது. அதை ஈடுசெய்ய வயிற்றில் ஒன்றுமில்லை. நல்லவேளை, பையன் பிழைத்துக்கொண்டான்.

"அப்பனே, நீ தப்பி ஓடிய கணக்குப் பாடத்தை இன்றைக்குப் படி" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை அவன்முன் வைத்தேன்.

உடம்பில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. தினம் 500 கலோரி வரவைக் குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ கரையலாம். 10 கிலோவுக்கு ஐந்து மாதமாகும். உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறைவதால், இன்னும் சற்றுக் கூடுதலாகவே ஆகும். முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவது பெரும்பாலும் நீரே. வியர்வையில் போவதும் நீரே. ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். பட்டினியில் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையுந்தான்.

வரவைக் குறைப்பதென்றால் சோற்றை விரட்டுவதா? வேண்டியதில்லை. மாவுச் சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பிலோ 9. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் 200 கலோரி. அரை மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது சுமார் 150தான்! ஷிப்டு இடைவேளையில் டீயுடன் உள்ளே போகும் வடையையும் போண்டாவையும் கணக்கில் சேர்க்காமல், பாவம், சோற்றின்மேல் மாத்திரம் பழியைப் போடுகிறோம்.

"புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கச் சொல்லலாங்களா?" என்றான் அடுத்தபடியாக.

நமக்கு மேற்கேயுள்ள நீலகிரியின் கதையைச் சொன்னேன். 1918-இல் குன்னூரில், பாஸ்டர் ஸ்தாபனத்தில், ராபர்ட் மக்காரிஸன் என்ற வைத்தியர் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், காய்கறி உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பியவை நலிந்தன. அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அது 2024-இல் வெளியிட்ட 17 உணவு நெறிகளில் ஒன்று, உடம்பை வளர்க்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்பதே. சாதாரணமானவருக்குக் கிலோ எடைக்குத் தினம் 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ மனிதருக்கு 50 கிராம். கொள்ளும் பச்சைப்பயறும் தயிரும் முட்டையும் கொங்கு நாட்டில் கிடைக்காத பண்டங்களா? சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பையும் காய்கறியையும் கூட்டினால் இலையும் நிறையும், வயிறும் நிறையும்.

எடைக்கருவி ஒன்றையே நம்பவும் கூடாது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசான் வைத்தியரல்ல. சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய், கர்ப்பம், உண்ணும் மருந்து ஆகியவற்றைச் சேரும் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இருந்தால், முதலில் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். தண்டால் எடுக்கக் கற்பித்த வாய், "எனக்குத் தெரியாது, வைத்தியரைக் கேள்" என்று சொல்லவும் பழக வேண்டும். இதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

மாணாக்கன் நோட்டுடன் போனான். இப்பொழுது அவன் கூடத்தில் சேருகிறவர்கள் முதலில் தூக்குவது இரும்பையல்ல, பேனாவையாம்! அந்தப் பையனின் கல்யாணப் பத்திரிகை எனக்கும் வந்திருக்கிறது. மாப்பிள்ளை எவ்வளவு இளைத்தார் என்று நான் பார்க்கப் போவதில்லை. பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாய்ச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துவிட்டு வரப்போகிறேன்.