பெட்ரோல் டியூபுக்கு ஒரு பூட்டு!

வீட்டிலே காஸ் சிலிண்டர் தீர்ந்து விட்டால் என்ன செய்கிறோம்? ரெகுலேட்டரைக் கழற்றிப் புதுச் சிலிண்டரின் தலையில் வைத்து அழுத்துகிறோம். 'டக்' என்று ஒரு சத்தம், வேலை முடிந்தது. ரெகுலேட்டர் விலகிய மறுகணமே சிலிண்டரின் வாயிலுள்ள ஸ்பிரிங் வால்வு தானாக மூடிக் கொள்கிறது. பஞ்சர் கடையிலும் இதே வித்தைதான். காற்றுக் குழாயைக் கழற்றினால், கம்பிரஸர் பக்கம் தானே அடைத்துக் கொள்கிறது.

அடுப்பங்கரைக்கும் பஞ்சர் கடைக்கும் கிடைத்த இந்தச் சௌகரியம், நாம் மடியிலே கட்டிக் கொண்டு போவது போலச் சுமந்து செல்லும் பெட்ரோல் டாங்கிக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

பட்டறையில் கண்ட காட்சி

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் வழியில் இருக்கிறது பாலவனத்தம். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவ்வூர் ஜமீன்தார்தாம். வ. உ. சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் அவரே. தமிழும் வேண்டும், யந்திரமும் வேண்டும் என்று நினைத்த பெரியவரின் ஊர் அது.

அந்தப் பக்கத்துச் சாலையோரப் பட்டறை ஒன்றில், பழைய கார்புரேட்டர் வண்டி ஒன்றின் டாங்கியைக் கழற்றிக் கொண்டிருந்தான் ஒரு பையன். ரப்பர் டியூப் வெயிலில் காய்ந்து விறைத்திருந்தது. குறடால் பிடித்து முறுக்கினான். டியூப் கிழிந்தது. பெட்ரோல் சூடு ஆறாத எஞ்சின் மேல் வழிந்தது.

"தம்பி, டேப்பை அடைத்தாயா?" என்று பதறினேன்.

"அடைச்சிட்டேன் அண்ணாச்சி. பழைய டேப்பு, நிக்காது" என்றான் சாவதானமாக.

நாலு முழம் தள்ளி டீக்கடை அடுப்பு எரிந்து கொண்டிருந்தது. அன்று ஒன்றும் நடக்கவில்லை, அதிர்ஷ்டம் காப்பாற்றியது. பெட்ரோல் எப்பேர்ப்பட்ட குளிரிலும் தீப்பற்றக் கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும். கரிசல் காட்டு உச்சி வெயிலில் கேட்கவா வேண்டும்?

என்ன அந்தப் பூட்டு?

'குயிக் ரிலீஸ் கப்ளிங்' என்று பாகக் கடைகளில் சொல்கிறார்கள். பெட்ரோல் டியூபை நடுவில் வெட்டி, இரு முனைகளிலும் ஒவ்வொரு பாதியைச் செருகிக் கிளிப் போட வேண்டும். ஒன்றை மற்றொன்றில் அழுத்தினால் வழி திறக்கும். பொத்தானை அமுக்கி இழுத்தால் இரு பக்கமும் அடைபடும். குறடும் வேண்டாம், கிழிசலும் இல்லை. சில சொட்டுகளுக்கு மேல் சிந்தாது.

"வருஷத்துக்கு ஒரு தடவை டாங்கியைக் கழற்ற இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: உங்களுக்கு வேண்டாம். நல்ல டியூபும் புதுக் கிளிப்பும் போதும். ஆனால் ஒயரிங் பார்க்கவும், ஏர் பில்டர் பார்க்கவும் அடிக்கடி டாங்கியைத் தூக்க வேண்டிய பழைய வண்டிக்காரருக்கு இது ஆடம்பரமே அல்ல.

மலிவு சரக்கு வேண்டாம்

ஆனாலும் கண்ணை மூடிக் கொண்டு வாங்குவது, இல்லாத ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். ஜெர்மன் பி.எம்.டபிள்யூ. வண்டிகள் சிலவற்றில் வந்த பிளாஸ்டிக் கப்ளிங்குகளே விரிசல் கண்டு ஒழுகியதால், உரிமையாளர் பலர் உலோகத்துக்கு மாறினார்கள். அங்கேயே அந்தக் கதை என்றால், பெயர் தெரியாத மலிவுச் சரக்கை நம்பலாமா?

உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். 2025-க்குள் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவிகித அளவை எட்டி விட்டது. எத்தனால் சில ரகப் பழைய ரப்பரை ஊத வைக்கும், கெடுக்கும். 'வைட்டான்' போன்ற வளையம் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். துவாரம் டியூபைவிடக் குறுகலாக இருந்தால், வேகத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றாமல் திணறும். சைலன்ஸருக்கும் சிலிண்டருக்கும் தள்ளியே பொருத்த வேண்டும். கழற்றியதும் இரு முனைகளையும் மூடி வையுங்கள். நம் ஊர்ப் புழுதி சும்மா இராது. மாட்டியபின் உடனே கிளம்பாமல், டேப்பைத் திறந்து சற்று நேரம் கசிவு பார்ப்பது உத்தமம்.

புது வண்டிக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறி விட்டன. அவற்றின் குழாயில் பெட்ரோல் டயர்க் காற்றைவிட அதிக அழுத்தத்தில் நிற்கும். அழுத்திக் கழற்றும் இணைப்பு அதிலும் உண்டு. ஆனால் பார்வைக்கு ஒன்று போல இருப்பவை எல்லாம் தானாக அடைத்துக் கொள்பவை அல்ல! அழுத்தத்தை இறக்காமல் இழுத்தால் முகத்தில் பீய்ச்சும். கார்புரேட்டர் வண்டிக்கான கப்ளிங்கை அதில் மாட்டவே கூடாது.

யார் பொறுப்பு?

பட்டறைப் பையனைத் திட்டிப் பயனில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் எஞ்சினைப் பிரிக்கக் கற்றுத் தருவதோடு, பெட்ரோலைச் சிந்தாமல் பிரிக்கவும் கற்றுத் தர வேண்டும். பாகக் கடைக்காரர்கள் தரமான சரக்கைச் சிற்றூர்களுக்கும் அனுப்ப வேண்டும். பட்டறை முதலாளிகள் ஒரு வாளி மணலையாவது வாசலில் வைக்க வேண்டும். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

வண்டிக்காரர்களும் சும்மா இருக்கலாகாது. கண்ணாடிக்கும் ஸ்டிக்கருக்கும் தாராளமாகச் செலவழிக்கிறோம். டாங்கிக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சாண் டியூபை எப்போது கடைசியாகப் பார்த்தோம்? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் நாளைக்கென்று தள்ளாதீர்கள்.