கொலுப் பெட்டியில் ஒரு ஜப்பான் பாப்பா

எங்கள் சித்தூர் வீட்டுக் கொலுவில் மரப்பாச்சிக்கு அடுத்த மரியாதை ஜப்பான் பாப்பாவுக்குத்தான். பாட்டி காலத்துப் பொம்மை. ஊதினால் பறந்துவிடும் போல லேசு, ரோஜா நிறக் கன்னம், முதுகில் ஜப்பான் என்று ஆங்கில முத்திரை. தொடக் கூடாது, பார்க்க மட்டும்தான்!

நான்கு வருடம் முன்பு ஊருக்குப் போனபோது பரணில் கிடந்த தகரப் பெட்டியைப் பார்த்து மனசு கேட்கவில்லை. இங்கிருந்து வாங்கிப் போன காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் பாப்பா, பட்டுச் சட்டையோடு மரப்பாச்சி ஜோடி, பித்தளைச் சொப்பு எல்லாவற்றையும் அடுக்கி, "இனிமே நூறு வருஷம் கவலையே இல்லம்மா" என்று மூடிவிட்டு விமானம் ஏறினேன். அப்பா தவறிய வருடம் கொலு இல்லை. பிறகும் யாருக்கும் மனசில்லை. அம்மா திருப்பதியில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார், டப்பாவும் வந்து மொட்டை மாடி அறையில் உட்கார்ந்தது. அந்த வெயில் உங்களுக்குத் தெரியும்.

போன நவராத்திரிக்குத் திறந்தார்கள். மூக்கைத் துளைக்கும் நெடி. பாப்பா பழுப்பேறி, வெடித்து, பிசுபிசுவென்று இருந்தது. சொப்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. மரப்பாச்சியின் பட்டு தொட்டதும் பொடிந்தது. செம்மரம் மட்டும் அப்படியே இருந்தது.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து ஜப்பான் பொம்மைகள் பல செல்லுலாய்டில் செய்தவை. பஞ்சு போன்ற தாவர நாரை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, கற்பூரம் கலந்து செய்வது. (1945 வரை ஜப்பான் வசமிருந்த தைவானில் கற்பூர மரக் காடுகள் இருந்ததும் அங்கே இந்தத் தொழில் வளர ஒரு காரணம்.) வருடங்கள் போகப் போகக் கற்பூரம் ஆவியாகிறது, பொம்மை சுருங்கி வெடிக்கிறது. அப்புறம் நைட்ரஜன் வாயுக்கள் வெளிவந்து, ஈரத்தோடு சேர்ந்து மறுபடி அமிலமாகின்றன. அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பக்கத்திலிருக்கும் உலோகம், துணி, காகிதம் எதையும் விடாது. காற்றோட்டம் இருந்தால் வாயு கொஞ்சமாவது வெளியேறும். நான் டப்பாவை இறுக்கி மூடி அதையும் கெடுத்தேன். தகரப் பெட்டியே தேவலாம்!

வெளியூரில் இருக்கும் நமக்கு ஒரு வியாதி. குற்ற உணர்ச்சி வந்தால் டப்பா வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவோம். பழைய சாமானெல்லாம் ஒரே ஜாதி என்று நினைத்துச் சேர்த்துக் கட்டுவோம். என்னைக் கேட்டால், நாம் செய்ய வேண்டிய முதல் வேலை பிரிப்பதுதான். மெல்லிய, லேசான, ஓரத்தில் ஒட்டு தெரியும் பொம்மையை விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் அநேகமாகச் செல்லுலாய்டு. அதைத் தனியாக, அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, மூடாத அட்டைப் பெட்டியில், வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பழைய பேனா, சீப்பு, கத்திப் பிடியும் செல்லுலாய்டாக இருக்கலாம். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் காடி வாசம் வந்தால் அது அசிட்டேட், வேறு ரசாயனம். ஆனால் அதையும் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

தயவுசெய்து குத்துவிளக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். செல்லுலாய்டு பற்றினால் நொடியில் எரியும். பழைய சினிமாச் சுருளும் இதே நைட்ரேட் குடும்பம்தான். 2003 ஜனவரியில் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் அப்படிப்பட்ட பழைய படச்சுருள்கள் எரிந்து போயின. படியில் வைக்க ஆசையென்றால் நல்லதாக ஒரு போட்டோ எடுத்து அதை வையுங்கள். என் யோசனைக்கு அக்கா சிரித்தாள், ஆனால் வைத்தாள்.

பாப்பாவைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை. பால்கனி நிழலில் அட்டைப் பெட்டியில் தனியாகக் கிடக்கிறது. போனில் ஒரு நாள் கேட்டார்: "நீ டப்பாவுல போட்டு மூடாம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்குமாடா?"

இருந்திருக்கும்மா என்றேன்.